தனி வீட்டுக்கு வெளி விளக்கு: எங்கே, எவ்வளவு, எப்படி

வெளி விளக்கு வாங்கக் கடைக்குப் போனால் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை வாட் சார்?" என்பதுதான். உண்மையில் அதற்குக் கடைசியில்தான் பதில் சொல்ல முடியும். விளக்கு எந்த இடத்தில், எந்த உயரத்தில், எந்தப் பக்கம் பார்த்து எரியப் போகிறது என்பது முடிவாகாமல் வாட் சொல்லி என்ன பயன்? போர்டிகோவில் கண்ணைக் கூசும் அளவுக்கு விளக்கு எரியும், ஆனால் கேட் பூட்டைத் தடவித்தான் திறக்க வேண்டியிருக்கும். மாடிப்படியின் கடைசிப் படி இருட்டில் இருக்கும். பல வீடுகளில் இதுதான் நிலைமை. பெரிய விளக்கு ஒன்றைவிடச் சின்ன விளக்குகள் நான்கு, சரியான இடங்களில் இருந்தால் வீடு நன்றாகத் தெரியும், மின்சாரமும் குறையும்.

அரை கிரவுண்டு மனையில் கட்டிய தனி வீட்டை மனதில் வைத்து எழுதுகிறேன்: முன்னால் கேட், போர்டிகோ, ஒரு பக்கம் குறுகிய சந்து, பின்னால் துவைக்கிற கல்லும் மோட்டாரும், வெளிப்புறமாக ஏறும் மாடிப்படி, மேலே மொட்டை மாடி. உங்கள் வீடு இதைவிடப் பெரிதாகவோ சிறிதாகவோ இருந்தாலும் முறை ஒன்றுதான்.

முதல் வேலை: இருட்டில் ஒரு சுற்று

எதையும் வாங்குவதற்கு முன்னால், இரவு எட்டு மணிக்கு மேல் வீட்டின் வெளி விளக்குகள் அத்தனையையும் அணைத்துவிட்டு ஒரு சுற்று வாருங்கள். தெருவிளக்கு எது வரைக்கும் உதவுகிறது என்பது அப்போதுதான் தெரியும். சில வீடுகளில் கேட்டுக்குத் தனி விளக்கே தேவைப்படாது. சில வீடுகளில் எதிரே உள்ள மரம் தெருவிளக்கை முழுக்க மறைத்திருக்கும்.

அந்தச் சுற்றில் குறித்துக்கொள்ள வேண்டியவை, கை வேலை செய்யும் இடங்களும் கால் வைக்கும் இடங்களும்தான். கேட்டின் தாழ்ப்பாள், வாசற்கதவின் பூட்டு, செருப்பு விடும் இடம், பைக் நிறுத்தும் இடம், மோட்டார் சுவிட்ச், கொல்லைக் கதவு, படிக்கட்டின் முதல் படியும் கடைசிப் படியும். இவற்றைத் தவிர மற்ற இடங்கள் கொஞ்சம் மங்கலாக இருந்தால் ஒன்றும் குடி முழுகிப் போகாது.

அடுத்து, விளக்கு வைக்க நினைக்கும் இடத்தில் ஒருவர் செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் அந்த வேலையைச் செய்து பார்க்கட்டும். பூட்டைத் திறக்கும்போது உங்கள் நிழலே பூட்டின் மேல் விழுகிறதா? அப்படியானால் விளக்கு உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது என்று பொருள். கதவுக்கு நேர் மேலே அல்லது பக்கவாட்டுச் சுவரில் அதை மாற்ற வேண்டும். வெள்ளைக் காகிதத்தில் வீட்டின் படத்தை வரைந்து ஒவ்வொரு இடத்திலும் புள்ளி வைத்துக்கொண்டால் எலக்ட்ரீஷியனிடம் பேசுவது எளிது.

கோலத்தை வைத்தும் வாசல் விளக்கைச் சோதிக்கலாம். மார்கழியில் விடிவதற்கு முன்னால் கோலம் போடுகிறவர் வீட்டைப் பார்த்துக் குனிந்தாலும் தெருவைப் பார்த்துக் குனிந்தாலும், ஒற்றை விளக்காக இருந்தால் ஏதோ ஒரு பக்கம் புள்ளிகள் அவர் நிழலில் மறையும். கேட் தூண்கள் இரண்டிலும் ஆளுக்கொரு சின்ன விளக்கு இருந்தால் ஒன்றின் நிழலை மற்றது அழித்துவிடும். கோலத்துக்குச் சரிப்பட்டது கார் ரிவர்ஸ் எடுக்கவும் சரிப்படும்.

இரண்டாவது: இடத்துக்கு இடம் வேறு விளக்கு

கேட் தூண்: ஒவ்வொன்றிலும் 4 அல்லது 5 வாட் எல்.இ.டி. போதும். தூணின் தலையில் உட்காரும் உருண்டைக் கண்ணாடி விளக்குகள் பார்க்க அழகு. ஆனால் பாதி வெளிச்சம் வானத்துக்குப் போகும், மீதி கண்ணில் அடிக்கும். தூணின் முகப்பில், ஆறிலிருந்து ஏழு அடி உயரத்தில், கீழ் நோக்கி வெளிச்சம் விழும்படி மேல் மூடிய சுவர் விளக்கு என் தேர்வு. தலையில்தான் வேண்டும் என்று வீட்டில் பிடிவாதமாகச் சொன்னால், பால் நிறக் கண்ணாடி உள்ளதாகவும் மேல்பக்கம் தொப்பி வைத்ததாகவும் வாங்குங்கள்.

போர்டிகோ: கூரையில் பதித்த அல்லது ஒட்டிய 9 வாட் விளக்கு ஒன்று. உட்கார்ந்து பேசும் பழக்கம் உள்ள வீடு என்றால் தனி சுவிட்சில் 3 வாட் மஞ்சள் விளக்கு ஒன்றும் வையுங்கள். இரவு பத்து மணிக்கு மேல் அது மட்டும் எரிந்தால் போதும்.

பக்கச் சந்தும் கொல்லையும்தான் அதிகம் யோசிக்க வேண்டிய இடங்கள். அங்கே திருடனைவிட நமக்கு நிஜமான தொல்லை பாம்பும் தேளும்தான். கட்டுவிரியன் இரவில் நடமாடுவது. வெளிச்சம் பாம்பை விரட்டும் என்று பலர் நம்புகிறார்கள். விரட்டாது, நம் கண்ணுக்குக் காட்டிக்கொடுக்கும், அவ்வளவுதான். விடிய விடிய எரியும் வெள்ளை விளக்கில் பூச்சி கூடும், பூச்சிக்குப் பல்லியும் தவளையும் வரும், தவளையைத் தேடி யார் வருவார் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் கொல்லைப்புறத்தில் ஆள் வந்தால் மட்டும் எரியும் சென்சார் விளக்குதான் நல்லது. வெளிச்சம் தரையில் விழ வேண்டும். சுவரின் மேல் பகுதியில் விழுந்து பயனில்லை. விறகு, செங்கல், தேங்காய் மட்டை அடுக்கி வைத்திருக்கும் மூலை விட்டுப்போகக் கூடாது.

மாடிப்படிக்கு மேலே ஒரு பெரிய விளக்கு போட்டால் இறங்கும்போது நம் உடம்பின் நிழல் நாம் கால் வைக்கப்போகும் படியின் மேலேயே விழும். அதற்குப் பதில் பக்கச் சுவரில், படியிலிருந்து ஓர் அடி உயரத்தில், இரண்டு மூன்று படிக்கு ஒன்றாக 1 அல்லது 2 வாட் விளக்குகள் பதிக்கலாம். கட்டி முடித்த வீட்டில் சுவரை உடைக்க மனமில்லையா? படியின் நடு உயரத்தில் ஒரு பல்க்ஹெட் விளக்கும் (சுவரில் ஒட்டி உட்காரும் மூடிய கூட்டு விளக்கு), மேலும் கீழும் எந்த முனையிலிருந்தும் போட்டு அணைக்கிற டூ-வே சுவிட்சும் போதும். டூ-வே சுவிட்ச் இல்லாத வெளிப்படிக்கட்டில் விளக்கு இருந்தும் இல்லாத மாதிரிதான். கீழே போட்டுவிட்டு மேலே போனவர் அணைக்க மறுபடி இறங்கி வர மாட்டார், விளக்கு காலை வரை எரியும்.

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கவும் காயப்போட்ட துணியை எடுக்கவும் ஒரு விளக்கு. அதைப் படிக்கட்டு அறையின் கதவுக்கு மேலே வைத்தால் மழைக்கும் பாதி மறைவு.

தோட்டம் வைத்திருப்பவர்கள் மண்ணில் குத்தும் ஸ்பைக் விளக்குகளைக் கேட்பார்கள். அதில் 12 வோல்ட் அல்லது 24 வோல்ட்டில் எரிவதை வாங்கி, அதன் டிரான்ஸ்ஃபார்மரை மழை படாத இடத்தில் வையுங்கள். மண்வெட்டி என்றைக்காவது ஒயரில் பட்டாலும் ஆபத்து இருக்காது. தென்னை மரத்துக்கு அடியிலிருந்து மேல்நோக்கி ஃபோகஸ் அடிப்பது இப்போதைய மோகம். தேங்காய் விழுந்தால் விளக்கு போகும் என்பது ஒரு பக்கம், மரத்தில் அடையும் பறவைகளுக்கும் தூக்கம் போகும்.

மூன்றாவது: வெளிச்சத்தின் அளவும் நிறமும்

வாட் என்பது விளக்கு தின்னும் மின்சாரம். தரும் வெளிச்சத்தின் அளவு லூமென். பழைய 60 வாட் குண்டு பல்பு தந்தது கிட்டத்தட்ட 700 முதல் 800 லூமென். அதே வெளிச்சத்தை இன்று 9 வாட் எல்.இ.டி. தருகிறது. பெட்டியின் மேல் லூமென் அச்சிட்டிருக்கும். அதை வாட்டால் வகுத்துப் பாருங்கள். 90, 100 என்று வந்தால் நல்ல சரக்கு. லூமெனே போடாமல் வாட்டை மட்டும் பெரிய எழுத்தில் போட்டிருந்தால் அந்தப் பெட்டியை அலமாரியிலேயே விட்டுவிடலாம்.

நிறம் கெல்வினில் சொல்லப்படும். 2700 முதல் 3000 வரை மஞ்சள் கலந்தது, கடையில் வாம் ஒயிட் என்பார்கள். 4000 நடுத்தரம். 6500 நீலம் கலந்த வெள்ளை. நம் ஊரில் எதுவும் சொல்லாமல் கேட்டால் 6500ஐத்தான் எடுத்துத் தருவார்கள், வெளிச்சம் 'பளிச்'சென்று இருக்கும் என்பதால். வீட்டுக்கு வெளியே நான் 3000ஐத் தாண்ட மாட்டேன். பூச்சிகளை அதிகம் இழுப்பது நீலமும் புற ஊதாவும்தான். மஞ்சள் விளக்கிலும் பூச்சி வரும், ஆனால் குறைவாக. ஐப்பசி மழைக்குப் பிறகு ஈசல் கிளம்பும் நாளில் மட்டும் எந்த நிறமும் உதவாது. ஒரு மணி நேரம் விளக்கை அணைத்து வைப்பதே வழி.

சுற்றி இருப்பவர்களுக்கும் நிறம், திசை இரண்டும் முக்கியம். ஃப்ளட் லைட்டை நிமிர்த்தி வைத்தால் பக்கத்து வீட்டுப் படுக்கையறை விடிய விடியப் பகலாக இருக்கும். அப்புறம் அந்த வீட்டோடு பேச்சுவார்த்தை குறையும். வயலை ஒட்டிய வீடு என்றால் விஷயம் இன்னும் பெரிது. பாரம்பரிய சம்பா ரகங்கள் பலவும் சாமந்தியும் இரவு நீள்வதை உணர்ந்து பூப்பவை. இரவெல்லாம் வெளிச்சம் பட்டால் பூப்பது தள்ளிப்போகும். வரப்பு ஓரத்துப் பயிர் மட்டும் கதிர் விடத் தாமதித்தால் விளக்கையும் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

கடற்கரை ஓரம் குடியிருப்பவர்கள், குறிப்பாகச் சென்னையின் பெசன்ட் நகர், நீலாங்கரை பக்கம், பங்குனி ஆமைகளை நினைக்க வேண்டும். ஜனவரியில் கரையேறி முட்டையிடத் தொடங்கும் இவற்றின் குஞ்சுகள் கோடைத் தொடக்கத்தில் பொரிந்து வெளியே வரும். இரவில் எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் கடல் என்று நகரும். நம் மொட்டை மாடி விளக்கு கடலைவிடப் பிரகாசமாக இருந்தால் அவை சாலைக்குத்தான் வரும். அந்த மாதங்களில் கடலைப் பார்த்த விளக்குகளை இரவில் அணைத்துவிடுவதே சரி. நிறம் மாற்றி, மறைப்பு வைப்பதெல்லாம் அதற்கு அடுத்ததுதான்.

நான்காவது: மழையும் உப்புக் காற்றும்

விளக்கின் மேல் ஐ.பி. என்று தொடங்கி இரண்டு இலக்கம் இருக்கும். முதல் இலக்கம் தூசுக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. ஐ.பி. 20 வீட்டுக்குள் மட்டும். 44 என்பது தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும், கூரைக்குக் கீழே உள்ள போர்டிகோவுக்குப் போதும். மழை நேரடியாக அடிக்கும் கேட், மொட்டை மாடி, பக்கச் சுவருக்கு 65. தரையில் பதிப்பதாக இருந்தால் 67. அது ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் கணக்கு. சென்னையில் மழை வெள்ளம் அரை மணியில் வடிவதில்லை என்பதால், தண்ணீர் தேங்கும் தெருவில் தரைக்குள் விளக்கு பதிக்கவே வேண்டாம்.

65 என்று போட்ட விளக்கிலும் தண்ணீர் புகுவதைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் தப்பு விளக்கில் இருக்காது, ஒயர் நுழையும் ஓட்டையில் இருக்கும். ஒயர் எப்போதும் கீழ்ப்பக்கமிருந்து மேலே ஏறி நுழைய வேண்டும். நுழைவதற்கு முன் ஒரு வளைவு தொங்க வேண்டும். அப்போது ஒயரில் வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். ஓட்டையில் கிளாண்டு, அதாவது ஒயரைச் சுற்றி இறுக்கி அடைக்கும் மூடி, போட்டு முறுக்க வேண்டும். சுவருக்கும் விளக்குக்கும் இடையில் மேல்பக்கமும் பக்கவாட்டிலும் சிலிக்கான் பூசி, கீழ்ப்பக்கத்தை மட்டும் திறந்துவிடச் சொல்லுங்கள். நாலு பக்கமும் அடைத்தால் உள்ளே போன ஈரம் வெளியே வர வழி இருக்காது.

உடல் எந்தப் பொருள்? உள் மாவட்டங்களில் பவுடர் கோட்டிங் செய்த அலுமினியம் நன்றாகத் தாங்கும். தூத்துக்குடி, நாகப்பட்டினம், ராமேஸ்வரம், கிழக்குக் கடற்கரைச் சாலை போன்ற இடங்களில் உப்புக் காற்று மலிவான வார்ப்பைச் சீக்கிரமே பொரியவைத்துவிடும். அங்கே நல்ல பிளாஸ்டிக் உடலே உத்தமம். வெயிலில் மஞ்சளிக்காத, புற ஊதா தாங்கும் வகை என்று கேட்டு வாங்குங்கள். திருகாணி எவர்சில்வராக இருக்க வேண்டும். கடலோரத்துக்கு 304ஐவிட 316 வகை மேல். விளக்கு நன்றாக இருந்து திருகாணி துருப்பிடித்துக் கழற்ற முடியாமல் போவதுதான் வழக்கமான கதை.

வெயிலும் ஒரு எதிரி. எல்.இ.டி. விளக்கில் முதலில் போவது பெரும்பாலும் அதன் டிரைவர்தான் (வீட்டு மின்சாரத்தை எல்.இ.டி.க்கு ஏற்றபடி மாற்றித் தரும் பாகம்), காரணம் சூடு. காற்றே புகாத கண்ணாடிக் கூட்டுக்குள் 12 வாட் பல்பை மாட்டினால் சீக்கிரம் போகும். அந்தக் கூட்டுக்கு 5 வாட் போதும்.

ஐந்தாவது: தானாக எரிய வேண்டுமா?

அந்தி சாய்ந்தால் எரிந்து விடிந்தால் அணையும் போட்டோ சென்சார் கேட் விளக்குக்கு ஏற்றது. ஊருக்குப் போனாலும் வீட்டில் ஆள் இருப்பதுபோல் இருக்கும். சென்சாரின் கண்ணில் அதே விளக்கின் வெளிச்சம் படாதபடி திருப்பி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் எரிந்ததும் பகல் என்று நினைத்து அணையும், அணைந்ததும் மறுபடி எரியும்.

ஆள் நடமாட்டத்துக்கு எரிவது பி.ஐ.ஆர். சென்சார். உடம்புச் சூடு நகர்வதை அது பார்க்கிறது. நேராக அதை நோக்கி வருபவரைவிட, குறுக்கே கடப்பவரைச் சீக்கிரம் பிடிக்கும். அதனால் சந்தின் முனையில் நேராக வைப்பதைவிடப் பக்கச் சுவரில், ஏழெட்டு அடி உயரத்தில் வைப்பது மேல். கத்திரி வெயில் காலத்து இரவுகளில் காற்றும் உடம்புச் சூட்டை நெருங்குவதால் கொஞ்சம் மந்தமாகும். தெரு நாயும் பூனையும் விளக்கை எரியவைத்துக்கொண்டே இருந்தால் சென்சாரின் கீழ்ப்பாதியில் இன்சுலேஷன் டேப்பை ஒட்டிப் பாருங்கள்.

சோலார் பற்றி ஒரு கணக்கு மட்டும் போடுவோம். '200 வாட்' என்று எழுதிய விளக்கின் தலையில் 6 வாட் பேனல் இருக்கிறது என்று வையுங்கள். நல்ல வெயிலில் ஐந்து மணி நேரம் முழு வீச்சில் வேலை செய்தாலும் 30 வாட்-மணி. பேட்டரியில் ஏறி இறங்கும் இழப்பு போக 20 சொச்சம் நிற்கும். பன்னிரண்டு மணி நேர இரவுக்குப் பங்கு போட்டால் 2 வாட். அந்த 200 எங்கிருந்து வரும்? ஆகவே சோலார் விளக்கில் வாட்டைப் பார்க்காமல் பேனலின் அளவையும், பேட்டரி எத்தனை வாட்-மணி, அதை மாற்ற முடியுமா என்பதையும் பாருங்கள். வடகிழக்குப் பருவமழையில் தொடர்ந்து மேகம் மூடும் நாட்களில் அது கைவிடும். படிக்கட்டு போன்ற முக்கியமான இடத்தை அதை மட்டும் நம்பி விடாதீர்கள். கொல்லைக் கோடி, மாட்டுக் கொட்டகை, ஒயர் இழுக்க முடியாத தோட்ட மூலை ஆகியவற்றுக்குச் சோலார் நன்றாகவே உதவும்.

ஆறாவது: ஒயரிங்

வெளி விளக்குகளுக்குத் தனி லைன், தனி எம்.சி.பி. (மின்சாரம் அளவு மீறினால் தானாக அணையும் சுவிட்ச்) வேண்டும். கூடவே மின்கசிவு ஏற்பட்டால் உடனே லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருந்தே ஆக வேண்டும். ஈரத் தரையில் வெறுங்காலோடு வாசல் தெளிக்கிறவர் கேட் தூணில் கை வைக்கும் வீட்டில் இதில் சமாதானமே கூடாது. உலோக உடல் உள்ள ஒவ்வொரு விளக்குக்கும் எர்த் ஒயர் போக வேண்டும். "எல்.இ.டி.தானே, எர்த் எதற்கு" என்று சொல்கிற எலக்ட்ரீஷியனிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். திறந்து மூடும் இரும்பு கேட்டின் மேலேயே விளக்கு வேண்டாம். அசைவில் ஒயர் தேய்ந்து கேட்டில் மின்சாரம் பாயும்.

இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் கேட், போர்டிகோ, படிக்கட்டு மூன்றையும் அதில் சேர்த்துவிடலாம், மொத்தமே 25 வாட்தான். ஆனால் இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலும் சாதாரண லைனின் நியூட்ரலும் எங்கும் கலக்கக் கூடாது. கலந்தால் ஆர்.சி.சி.பி. காரணமே தெரியாமல் டிரிப் ஆகிக்கொண்டிருக்கும்.

சுவிட்ச் விஷயத்தில் எனக்கு ஒரு கட்டாய ஆசை: வெளி விளக்குகள் அத்தனையையும் ஒரே தட்டில் எரியவைக்கும் சுவிட்ச் ஒன்று படுக்கையறையில். நள்ளிரவில் சத்தம் கேட்டால் கதவைத் திறக்காமலேயே சுற்றிலும் பார்க்க முடியும். போர்டிகோவில் மூடி வைத்த 6 ஆம்பியர் பிளக் ஒன்றையும் அப்போதே போட்டுவிடுங்கள். கார்த்திகை, பொங்கலுக்கு சீரியல் செட் மாட்ட ஜன்னல் வழியாக ஒயர் இழுக்கும் வழக்கம் அதோடு போகும்.

இனி கடைக்குப் போகலாம்

கையில் படம் இருக்கிறது, ஒவ்வொரு புள்ளிக்கும் லூமென், நிறம், ஐ.பி. எழுதியாயிற்று. கடையில் பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். எல்.இ.டி. பல்பு என்றால் ஐ.எஸ். 16102, முழு விளக்கு என்றால் ஐ.எஸ். 10322 என்ற தர எண்ணும், பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையோடு ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் அச்சிட்டிருக்க வேண்டும். மின் அழுத்தம் ஏறி இறங்கும் ஊர் என்றால் 100 முதல் 300 வோல்ட் வரை தாங்கும் என்று எழுதியதை எடுங்கள். பில்லும் எழுத்தில் உத்தரவாதமும் வாங்குங்கள். பல்பை மாற்றக்கூடிய ஹோல்டர் வைத்த ஃபிட்டிங்கா, பல்போடு ஒட்டிப் பிறந்ததா என்று கேளுங்கள். ஒட்டியது மெலிதாக, அழகாக இருக்கும். ஆனால் போனால் முழுவதும் போகும், மூன்று வருடம் கழித்து அதே மாடல் கிடைக்காது. தூண்கள் இரண்டில் ஒன்று மட்டும் வேறு முகத்தோடு நிற்பதை நம் தெருவிலேயே பார்க்கலாம். ஹோல்டர் உள்ளதை வாங்குவது புத்திசாலித்தனம்.

மின்கட்டணம் எவ்வளவு கூடும் என்று வீட்டில் கேட்பார்கள். ஈ.பி. கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதால் 60 நாளுக்குப் பார்ப்போம். இரவெல்லாம், அதாவது 12 மணி நேரம், 10 வாட் எரிந்தால் 7.2 யூனிட். கேட் இரண்டுக்கும் போர்டிகோவின் சின்ன விளக்குக்கும் சேர்த்து 13 வாட் என்றால் 9 யூனிட் சொச்சம். சென்சாரில் உள்ளவை கணக்கில் வராத அளவு. பழைய 100 வாட் குண்டு பல்பு ஒன்று மட்டும் இதே கணக்கில் 72 யூனிட் தின்றது.

மாட்டி முடித்த பிறகு பகலில் பார்த்துப் பணம் கொடுத்துவிடாதீர்கள். இருட்டிய பிறகு எலக்ட்ரீஷியன் ஒரு தடவை வரட்டும். ஃபோகஸைச் சாய்ப்பது, சென்சாரின் நேரத்தைக் குறைப்பது எல்லாம் அப்போதுதான் செய்ய முடியும். தெருவில் நின்று பார்க்கையில் பல்பு நேரடியாகக் கண்ணில் படக் கூடாது, சிசிடிவி கேமரா இருந்தால் விளக்கு அதன் முகத்தில் அடிக்கக் கூடாது. குழாயைத் திருப்பி விளக்குகளின் மேல் ஐந்து நிமிடம் தண்ணீர் அடித்துப் பார்த்து, ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பொத்தானையும் அழுத்திப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். அதன் பிறகு வருடத்துக்கு ஒருமுறை, புரட்டாசி முடிவதற்குள், கண்ணாடியைக் கழற்றிச் செத்த பூச்சிகளைத் தட்டி, ரப்பர் வளையம் வெடித்திருக்கிறதா, உள்ளே குளவி கூடு கட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மெயினை அணைத்துவிட்டுத்தான்.